கை நனைத்த ஞாயிறு

பிப்ரவரி 2, ஞாயிறு

டீச்சர் மன்னிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறது. சில இடங்களில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. 'ண' வரும்போதெல்லாம் சுழி எத்தனை என்று நின்று யோசிக்கிறேன், அதனால் அந்த இடத்தில் மை திட்டாக நிற்கிறது. இது ஐஸ் கம்பெனியில் காலமெல்லாம் கொக்கி பிடித்து ஐஸ் கட்டி இழுத்த கை. பேனா இதற்குத் தீக்குச்சி மாதிரி. அழுத்தினால் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் பெயர் மாசானமுத்து. ஊர் தூத்துக்குடி. வயது அறுபத்தெட்டு. இந்த மூன்றையும் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. ஆறின டீயைக் குடித்துக்கொண்டே என் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மாலை வகுப்பில் ஜெசிந்தா டீச்சர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். "என்ன வேணும்னாலும் எழுதுங்க. வாரம் ஒரு தடவை கொண்டு வந்து காட்டுங்க. நான் எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன், விஷயத்தைப் படிக்க மாட்டேன்" என்றார். எழுத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் படிக்காமல் எப்படி இருப்பது என்று எனக்கு விளங்கவில்லை. படிக்கத் தெரிந்த நாளிலிருந்து சுவரில் ஒட்டிய மூல நோய் விளம்பரத்தைக்கூட என்னால் விட முடியவில்லை.

பக்கத்து பெஞ்சு தாயம்மாள் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஒரு வரிக்கு இம்புட்டு நேரமா? ஐஸா இருந்தா இதுக்குள்ள உருகித் தண்ணியா ஓடியிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மத்தியானம் சாளை மீன் குழம்பு. சோறு குழைந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே என் வீட்டுக்காரி பிச்சம்மாளுக்குச் சோற்றுப் பதம் தவறிப் போகிறது. "ஒனக்கும் வயசாயிட்டு" என்றேன். முறைத்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனதை எழுத வேண்டும்.

என் கடைசி மகள் செண்பகவல்லிக்குப் பேசியிருக்கும் பையன் மகராசன். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். குனிந்து பேசும் பையன். அவன் அப்பா தளவாய், பாளையங்கோட்டை ரோட்டில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். செண்பகத்துக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிறாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பிடித்திருந்தால் அங்கே கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். "இன்னொரு நாள் சாப்பிடுதோம்" என்று எழுந்து வந்துவிடுவார்கள். கை நனைத்த பிறகுதான் இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்று கூப்பிடுவது. அதுவரைக்கும் வெறும் அண்ணாச்சிதான்.

தளவாய் தன் கையாலேயே மாவு வீசி, புரோட்டா சுட்டு, கோழிச் சால்னா ஊற்றிப் பந்தி வைத்தார். முதல் இலை எனக்கு. நான் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். நான் புரோட்டாவைப் பார்த்தேன். புரோட்டா என்னைப் பார்த்தது. "வயிறு சரியில்ல, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று சொல்லி இலையை மூடிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

தளவாயின் முகம் அடுப்பை அணைத்த மாதிரி ஆனது. அன்றிலிருந்து அவர்கள் பக்கமிருந்து ஒரு பேச்சும் இல்லை. மாசியில் நிச்சயம் வைப்பதாக இருந்தது. செண்பகம் என்னிடம் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், "சாப்பிடு" என்று சொல்வதில்லை.

ஏன் மூடினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்றிருந்தேன். டீச்சர் எழுத்தை மட்டும்தானே பார்ப்பார். அதனால் பொடியாக எழுதுகிறேன்.

எனக்குச் சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்கிறது. தொண்டையைத் தாண்டிவிடும், கீழே இறங்காது. தண்ணீர் குடிக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், நெஞ்சைத் தட்ட வேண்டும். சில நாள் கொல்லைக்கு ஓட வேண்டும். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து அதைச் செய்யலாமா? பெண்ணின் அப்பனுக்குத் தொண்டையில் என்னவோ இருக்கிறதாம் என்று ஊர் முழுக்கப் பேசினால் செண்பகத்தை யார் கட்டுவார்கள்?

ஐஸ் கம்பெனியில் என்னோடு இருந்த சின்னத்தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவன் இல்லை. அவனுக்கு வந்த நோயின் பெயருக்கு வேண்டிய எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதவில்லை.

கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு ஒரு பெரிய காரியம் செய்தேன். கடைசியில் சொல்கிறேன்.

பென்ஷன் ஆபீசுக்கு என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன மாதமும் இப்படித்தான் வந்து, வேறொரு டாக்டரிடம் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்திருந்தேன். வயிற்று டாக்டர் ரெஹானா அம்மா சின்ன வயசுக்காரர். முதல் கேள்வியே, "கூட யாரும் வரலையா?"

அந்தக் கேள்வியை டாக்டர்கள் சும்மா கேட்பதில்லை.

"வீட்டுல வேலை. எதுனாலும் எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

"பயப்பட ஒண்ணும் இல்ல ஐயா. போன மாசம் கேமரா விட்டுப் பார்த்ததுல கட்டி இல்ல, அடைப்பு இல்ல."

தலையாட்டினேன். சின்னத்தம்பியிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

"இவ்வளவு நாள் என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்து கேஸ் மாத்திரையை எடுத்துக் காட்டினேன். எந்த நோவுக்குப் போனாலும் கூட ஒரு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். நான் அதை விடுவதே இல்லை. வருடக் கணக்காகச் சாப்பிடுகிறேன். சாப்பாடு நெஞ்சில் நின்றால் உடனே இன்னொன்று போடுவேன். ஐஸ் கம்பெனியில் சரிவுப் பலகையில் கட்டி நின்றுவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவோம், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மாத்திரையும் அப்படித்தான் தள்ளிவிடும் என்று நினைத்திருந்தேன். சில சமயம் அந்த மாத்திரையே போய் நின்றுகொள்ளும். அதற்கு மேலே இன்னொன்று போடுவேன்.

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை விழுங்கினார். அவருக்கு நன்றாக இறங்கியது.

"ஐயா, இந்த மாத்திரை எதையும் தள்ளாது. வயித்துல ஊறுற அமிலத்தை மட்டும் குறைக்கும். சாப்பாட்டைத் தள்ளுறது உணவுக்குழாயோட தசை. அது சரிவுப் பலகை இல்ல. இப்படி..." என்று தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்து, மணிக்கட்டு வரைக்கும் பிழிந்துகொண்டே வந்தார்.

"பால் கறக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான். நல்ல தசையா இருந்தா தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் வயித்துக்குப் போயிடும்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்தத் தசையின் பலத்தை அளக்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்வார்கள். அவர்கள் இதை வைத்து ஓர் ஆராய்ச்சியும் செய்கிறார்களாம். கேஸ் மாத்திரை அந்தத் தசையை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு. மாத்திரை இல்லாமல் ஒரு தடவை, சில வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டபின் ஒரு தடவை அளப்பார்கள்.

"நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமா?" என்று கேட்டேன்.

"அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகிற தசைக்கு மாத்திரை நல்லதுன்னு சிலர் சொல்றாங்க. மாத்திரையே தசையைக் கொஞ்சம் தளர்த்திடுமோன்னு சந்தேகப்படுறவங்களும் இருக்காங்க. எங்களுக்கு இன்னும் தெரியலை ஐயா."

இவ்வளவு படித்தவர் 'தெரியலை' என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போய்விட்டது. "என்னையும் அளங்க" என்றேன்.

இப்போது அந்தப் பெரிய காரியம். சம்மதம் எழுதி வாங்கும் நர்ஸ் பெண் என்னைப் பார்த்ததுமே மைப் பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தது. நான் கையை இழுத்துக்கொண்டு, "பேனா குடும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள், "என்ன பெருசு, கோலமா போடுதீரு?" என்றார்கள். சொல்லட்டும். மா-சா-ன-மு-த்-து. கோட்டைவிட்டு ஓர் எழுத்தும் இறங்கவில்லை.

டெஸ்ட் பதினெட்டாம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மாத்திரையை நிறுத்த வேண்டும். எரிந்தால் குடிக்க ரோஸ் கலரில் ஒரு மருந்து தந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கக் கூடாது. காரணத்தை எழுத மாட்டேன். கட்டில் விரிப்பைக் காயப் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று என் வெள்ளைச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். துவைத்துத் துவைத்துச் சட்டை பெரிதாகிவிட்டது. காலர் கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி நிற்கிறது. இந்தக் காலத்துத் துணி அப்படித்தான். வேட்டிக்குப் பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டேன்.

கல்யாணம் நடக்குமா என்று தெரியாமல் சட்டையை எதற்கு எடுத்தேன் என்று பிச்சம்மாள் கேட்டாள். மடித்துப் பெட்டியில் வைத்தேன். ராத்திரிக்கு இட்லியைப் பாலில் ஊறப்போட்டுத் தந்தாள். சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது போல என்று கேலி செய்தேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாத்திரையை நிறுத்தியாயிற்று. சட்டைப் பை லேசாக இருக்கிறது. அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எரிகிறது. வருடக் கணக்காகச் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் எரிச்சல் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ரோஸ் மருந்து சுண்ணாம்புத் தண்ணீரில் பெப்பர்மின்ட் போட்ட மாதிரி இருக்கிறது. கத்தரிச் செடி பூத்திருக்கிறது, ஊதாப் பூ. 'ஊதா' என்று எழுதுவதும் அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

செண்பகம் இன்றைக்கு வாய் திறந்தாள்.

"எப்பா, ஒண்ணு கேக்கேன். அவுக புரோட்டாக் கடைக்காரவுகங்கதாலதானா?"

"எது?"

"எது என்ன எது. இலைய மூடினது. நீ ஐஸ் தூக்கின ஆளுதானே? அவுக மாவு பிசையுதாவ. இதுல யாருக்கு யாரு கொறச்சல்?"

"அப்படியெல்லாம் இல்ல தாயி."

"வேற எப்படி? சொல்லேன்."

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பார்த்துப் புளித்த ஏப்பம் வந்தது. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். போனில் பேசுவது கீழே கேட்டது. "எங்கப்பா சோத்துக்கு மொகஞ்சுளிச்சு நான் பாத்ததே கெடையாது. என்னன்னு தெரியல. ஒங்கப்பாவையே வந்து நேரா கேக்கச் சொல்லுங்க."

இதைக் கேட்டபோது எரிச்சல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. செவ்வாய்க்கிழமை அளந்து பார்க்கட்டும். என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். தெரியாத வரைக்கும் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். ஆனால் இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

டெஸ்டுக்குப் போகும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று உத்தரவு. ரத்த டெஸ்ட் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். காலையில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தளவாய். கையில் அடுக்குத் தூக்கு.

"வாங்க அண்ணாச்சி" என்று எழுந்தேன்.

"வாரது இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

அவரே இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். தூக்கைத் திறந்தார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

"எங்கடையில போலீஸ்காரன் சாப்பிடுதான். கப்பல்ல வந்த வெள்ளைக்காரன் சாப்பிடுதான். பக்கத்துக் கடைக்காரன் எனக்கு விரோதி, அவனே பார்சல் வாங்கிட்டு வரச்சொல்லி ஆளனுப்புதான். நீங்க ஒரு ஆளு இலைய மூடிட்டுப் போனீய. ஒரு மாசமா எம் பொஞ்சாதி 'சால்னால உப்பு கூடிட்டோ'ன்னு பொலம்புதா. எம் மவன் சரியா சாப்பிட மாட்டேங்கான். பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன். இஷ்டம்னா ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

பிச்சம்மாள் அடுப்படி வாசலில் நின்றாள். செண்பகம் கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவு அசைந்துகொண்டிருந்தது.

இடியாப்பம் பாயாவில் மிதந்துகொண்டு கிடந்தது. ஒரு வாய் இறங்கிவிடும் என்றே தோன்றியது. ஆனால் வயிற்றில் ஏதாவது விழுந்தால் டெஸ்ட் கிடையாது. இன்னொரு தேதி எப்போது கிடைக்குமோ. அதுவரைக்கும் சின்னத்தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சாப்பிடாவிட்டால் என் பிள்ளையின் கல்யாணம் இந்த முற்றத்திலேயே முடிந்துவிடும். இலைக்கு மேலே நீட்டிய கை அப்படியே நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. என் நெஞ்சில் நிற்கும் சோறு மாதிரி.

"அண்ணாச்சி, எனக்கு முழுங்க முடியல" என்றேன்.

"என்னது?"

"சோறு எறங்க மாட்டேங்கு. நெஞ்சுல நிக்கி. ஓடிப் போயித் துப்புதேன். பந்தியில உங்க முன்னால அப்படி ஆயிருமோன்னுதான் இலைய மூடினேன். உங்க சால்னா மேல ஒரு குத்தமும் இல்ல. இன்னிக்குத்தான் அளக்கச் சொல்லியிருக்காவ, பச்சைத் தண்ணி படக்கூடாது. என்ன நோவோ எனக்குத் தெரியாது. அந்த நோவா இருந்தா பொண்ணு வேண்டாம்னுருவீயளோன்னு..."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. செண்பகம் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா சொல்லல? ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

பிச்சம்மாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "சொல்லணுமாக்கும்" என்றாள். "நாலு மாசமா சோத்தக் கொழைய வடிக்கேன். மீனுல முள்ளு மட்டுமில்ல, தோலையும் எடுத்துட்டுத்தான் போடுதேன். இவுக என்னன்னா எனக்கு வயசாயிட்டுன்னு கேலி பேசுதாவ. தானா சொல்லட்டும்னு காத்துக் கெடந்தேன்."

நான் அவளைப் பார்த்தேன். குழைந்த சோற்றுக்கு நான் பேசிய கேலி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

தளவாய் தூக்கின் கிண்ணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி மூடினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"டெஸ்ட் எத்தன மணிக்கு?" என்றார்.

"பத்து."

"சட்டையப் போடுங்க. வண்டி வெளிய நிக்கி."

வெள்ளைச் சட்டையைத்தான் போட்டேன். வண்டியில் போகும்போது காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பியது. "என்ன அண்ணாச்சி, ரெண்டு ஆள் சட்டையவா போட்டிருக்கீய?" என்று கத்தினார். சட்டை பெரிதாகவில்லை என்பது எனக்கும் தெரியும் என்று இப்போது எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஹானா அம்மா என்னைப் பார்த்ததும் அதே கேள்வி. "கூட யாரு வந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"நான்தாம்மா. சம்பந்தி."

டீச்சர், இந்த வார்த்தையை மூன்று தடவை அடித்து நான்காவது தடவை சரியாக எழுதியிருக்கிறேன். தாள் கொஞ்சம் நனைந்துவிட்டது. பேனா ஒழுகுகிறது என்று நினைக்கிறேன்.

மூக்கில் குழாய் விடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் வந்தது. நான் தளவாயின் கையை விடாததால் அவரையும் உள்ளேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் பக்கத்திலிருந்த டி.வி. பெட்டியில் கலர் கலராகப் படம் ஓடியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். நன்றாகத் தள்ளினால் சிவப்புப் பட்டை மேலிருந்து கீழே சரிந்து வர வேண்டுமாம். எனக்குப் பாதி வழியில் நீலமாகிவிட்டது.

"கல்லு சூடு பத்தலையே" என்றார் தளவாய், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "நடுவுல ஆறிப் போச்சு. திருப்பிப் போட்டா வெந்துருமா டாக்டர்?"

டாக்டர் அம்மா இந்தத் தடவை சிரிப்பை விழுங்கவில்லை.

குழாயை எடுத்த பிறகு உட்கார வைத்துச் சொன்னார். "ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க, சம்பந்தியும் கேட்டுக்குங்க. கட்டி கிடையாது. கேமராவுலயும் இல்ல, இதுலயும் அடைப்பு இல்ல. தசை தள்ளுற பலம் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"நெசமா?" என்று கேட்டது தளவாய்தான்.

"நிஜமா."

சின்னத்தம்பி எழுந்து போய்விட்டான்.

"மாத்திரை தின்னு தின்னுதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் பார்க்கப் போறோம். இப்ப மாத்திரை இல்லாம அளந்தாச்சு. இனிமே நாலு வாரம் ஒழுங்கா எடுத்துட்டு வாங்க, மறுபடி அளப்போம். உங்க ஒருத்தரை வச்சு முடிவு சொல்ல முடியாது, நிறையப் பேரை அளக்கணும். ஆனா ஒண்ணு. சாப்பாடு நின்னா மாத்திரை போடுறதை இன்னியோட விட்டுடுங்க. காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. அது எரிச்சலுக்கு. விழுங்குறதுக்கு மருந்து வேற. சின்ன வாய், நல்லா மெல்லணும், நிமிர்ந்து உக்காரணும், ஊறினது குழைஞ்சது சாப்பிடணும். நடுநடுவுல வெந்நீர். அவசரமே கூடாது."

"புரோட்டா?" என்றார் தளவாய். கவலையோடுதான் கேட்டார்.

டாக்டர் அம்மா யோசித்தார். "காஞ்சதா வேண்டாம்."

தளவாய் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். வண்டியை உதைத்துக் கிளப்பினார். பிறகு, "ஊற வைக்கிறது எங்கிட்ட விடுங்க" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

வகுப்பில் நோட்டைக் காட்டினேன். டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பி, 'ண' நன்றாக வருகிறது என்று சிவப்பு மையில் எழுதினார். விஷயத்தைப் படிக்கவில்லை என்றார். நான் எழுந்து வரும்போது கூப்பிட்டு, "ஐயா, காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார்.

இன்றைக்குச் சோறு குழைவாக இருந்தது. "நல்லாருக்கு" என்றேன். பிச்சம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு கரண்டி வைத்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கை நனைத்துவிட்டேன்.

அதே வீடு, அதே வரிசை. முதல் இலை எனக்கு. எதிர் இலையில் தளவாய். பரிமாறும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இன்று அவரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் முழுப் புரோட்டா. எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தை மூடிக் கொண்டு வந்து வைத்தார்கள். புரோட்டாவை விரல்நகம் அளவுக்குப் பிய்த்து, கொதிக்கும் சால்னாவை ஊற்றி, மேலே தட்டைப் போட்டு மூடி, நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே ஊற வைத்திருக்கிறார். பிய்த்தது மகராசனாம். கிரேன் ஓட்டும் பையன் விரல்நகம் அளவுக்குப் பிய்க்கிறான்.

"எங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல இப்படித்தான் குடுத்தேன்" என்றார் தளவாய். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "கடைசிக் காலம்னா, அதுக்கப்புறமும் ரொம்ப வருசம் இருந்தாவ" என்றார்.

கையைச் சால்னாவில் வைத்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மென்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்கியது. வரிசை முழுக்க மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்குப் பெரிய பயம் அதுதான். இன்று என்ன நடந்தது என்றால், எல்லோரும் முடித்துவிட்டார்கள். நான் பாதிக் கிண்ணத்தில் இருந்தேன். நடுவில் ஒரு வாய் நின்றது. வெந்நீர் குடித்துக் கண்ணை மூடிக் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிவிட்டது. மகராசனின் தாய்மாமா, "சம்பந்தி சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள வைகாசியே வந்துரும், கல்யாணத்தை இங்கனயே வச்சிரலாம்" என்றார். தளவாய், "வச்சா என்ன? நீரு எந்திரிக்காம உக்காரும்" என்றார். செண்பகம் அடுப்படிக்குள் யாரோடோ சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பிச்சம்மாள் பெண்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லு, மெல்லு என்று அவள் வாயும் அசைந்தது.

நான் கடைசித் துண்டை எடுத்தபோது நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எச்சில் கையை இலை மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தன் கை நனைத்ததற்கு அத்தனை பேர் கையும் காய்ந்து போயிருந்தது.

கல்யாணம் வைகாசியில். நிச்சயம் வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில். பந்தியில் சோறு என்ன பதத்தில் இருக்க வேண்டும் என்று பிச்சம்மாளும் தளவாயும் இப்போதே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், டீச்சர். இந்தப் பக்கத்து ஓரத்தில் மஞ்சளாக இருப்பது மை இல்லை, சால்னா.